என் மனைவி தான்சானியாவுக்குத் தயாரான வருடம்

அவளை அனுப்பவிருந்த ஊரில் பஸ் கிடையாது. ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும். அதனால் கிளம்புவதற்குள் கியர் வண்டி ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட வேண்டும் என்று, அவளை அனுப்புகிற அமைப்பினர் பெங்களூரிலிருந்து போனில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. நான் வேலை பார்த்த அச்சகத்தின் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். இந்த நேரத்தில் கூப்பிடுகிறோம் என்று முன்பே சொல்லியிருந்ததால், பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து மேனேஜர் அறையில் காத்திருந்தாள். பேசி முடித்து வெளியே வந்தவள், வாசலில் நின்ற என் பைக்கை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுல எத்தன கியருங்க?"

"நாலு."

"நாலுதானா? கத்துக்கிரலாம்."

அவள் அதுவரை ஓட்டிய வண்டி சைக்கிள் ஒன்றுதான்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஆபரேட்டர். ஆவணி தொடங்கி மார்கழி வரை காலண்டர் ஓடும். மற்ற மாதங்களில் பட்டாசு லேபிள், நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை. என் மனைவி விஸ்வநத்தத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் ஆசிரியை. தீப்பெட்டி ஆபீஸ் வேலையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளி அது. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே ஓரிரு வருடம் படிக்க வைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கி, பிறகு வயதுக்கேற்ற வகுப்பில் கவர்மெண்ட் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் ஒரு பிள்ளை பெரிய பள்ளியில் சேருகிற நாளில் அவள் வீட்டுக்கு வருகிற நடையே வேறு மாதிரி இருக்கும்.

அவளும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான். அவளுடைய அப்பா அம்மா ஒரு காலத்தில் காட்டு வேலைக்கு, அதாவது விவசாயக் கூலிக்குப் போனவர்கள். மழை ஏமாற்றிக்கொண்டே வந்ததால் தீப்பெட்டி ஆபீஸுக்கு மாறினார்கள். அவளும் ஐந்தாம் வகுப்போடு நின்று, விடிவதற்கு முன் வருகிற கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கட்டை அடுக்கப் போனாள். மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சிகளை மரச்சட்டத்துப் பள்ளங்களில் வரிசையாகச் செருகுகிற வேலை. அண்ணன் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அவளுடைய அம்மாவே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மறுபடி பள்ளியில் உட்கார வைத்தார். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, பிறகு அஞ்சல் வழியில் பட்டமும் வாங்கினாள்.

அவளுடைய பள்ளிக்குப் பார்வையாளர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சூலக்கரை கலெக்டர் அலுவலகத்திலிருந்து அதிகாரிகள், சென்னையிலிருந்து பத்திரிகைக்காரர்கள், சில சமயம் வெளிநாட்டுக்காரர்கள். அப்படி வந்த ஒரு அம்மையார்தான், இவள் பாடம் எடுப்பதை மதியம் வரை கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்குத் தொண்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற, பெங்களூரில் இருக்கிற ஒரு அமைப்பைப் பற்றிச் சொன்னார். தான்சானியாவின் மேற்குப் பக்கம் புகையிலைக் காடுகளில் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளி தொடங்கியிருக்கிறார்கள். அங்கே இருக்கிற ஆசிரியர்களுக்குக் கூடவே இருந்து பழக்கிக் கொடுக்க அனுபவம் உள்ள ஒருவர் வேண்டும். இவள் விண்ணப்பித்தாள். சென்னையில் நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். கேள்வியெல்லாம் ஆங்கிலத்தில். வெளியே வந்தவளின் முகம் வேர்த்திருந்தது. "பாதி கேள்வி வெளங்கல. வெளங்கலன்னு சொல்லித் திரும்பக் கேட்டேன். அம்புட்டுத்தான்" என்றாள். அவளையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம்.

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எங்கள் மகள் அப்போது எட்டாவது படித்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருக்க, அவளே ஒட்டுக் கேட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, சடை நானே போட்டுக்கிருவேன். அப்பாவுக்குத்தான் ரசம் வைக்கத் தெரியாது. போறதுக்குள்ள அதச் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். என் மனைவி பின்னாலேயே போனாள். இருவரும் இறங்கி வர வெகுநேரம் ஆனது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

என் மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர், பக்கத்துத் தெருவில் மகனோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏ புள்ள, இங்கன இல்லாத புள்ளைகளா அங்கன இருக்கு? இந்தா, தெருவுக்கு நாலு கெடக்கே. அதுகளப் பாத்தா ஆகாதா?"

"இங்கன பாக்க ஆள் இருக்காகம்மா. அங்கன இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காக."

"வயசுக்கு வரப்போற பொம்பளப் புள்ளய வச்சுக்கிட்டு ஆத்தாக்காரி சீமைக்குப் போறாளாக்கும். மாப்ள, நீங்க என்ன வாய மூடிக்கிட்டு இருக்கீக?"

"அவ போகட்டும் அத்தை. நான் பாத்துக்கிருவேன்."

"நீங்க பாத்துக்கிருவீகளா? அடுப்பு எந்தப் பக்கம் எரியுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

கேட்டுவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

வண்டி பழக நாரணாபுரம் போகிற வழியில் ஒரு பொட்டலைப் பிடித்தோம். மழை பெய்தால் கரிசல் ஒட்டும், வெயில் காய்ந்தால் வெடிக்கும். நாங்கள் பழகிய நாட்களில் காய்ந்திருந்தது. நான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாயங்காலம் வெளிச்சம் இருக்கிற வரை பழகுவோம். கல்யாணத்திற்குப் பிறகு சேலை தவிர வேறு எதுவும் உடுத்தாதவள், மகளோடு கடைக்குப் போய் இரண்டு சுடிதார் எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் அதை உடுத்திக்கொண்டு தெருவைத் தாண்டுவதற்குத்தான் அவளுக்குத் தைரியம் தேவைப்பட்டது. வண்டியில் ஏறுவதற்கு அல்ல.

கிளட்ச்சை விட்டதும் வண்டி துள்ளி நின்றுவிடும். மறுபடி உதைப்பாள். மறுபடி துள்ளும். ஒரு தடவை கூட "நாளைக்குப் பாக்கலாம்" என்று அவள் சொல்லவில்லை. விஷயம் எப்படியோ அவளுடைய பள்ளிக்குப் பரவிவிட்டது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பொட்டலின் ஓரத்தில் விஸ்வநத்தத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "டீச்சர், கிளட்ச்ச மெதுவா விடுங்க!" "டீச்சர், கீழ பாக்காதீக!" என்று ஒரே கூச்சல். வகுப்பில் அவள் அவர்களிடம் சொல்வதையெல்லாம் அவளிடமே திருப்பிச் சொன்னார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "ஏலே, ஒவ்வொருத்தரா சொல்லுங்கலே!" என்றாள்.

இரண்டாவது கியரில் நன்றாக ஓட்டிக்கொண்டு போனவள், ஒருநாள் வெடிப்பில் சக்கரம் மாட்டி அப்படியே சரிந்து விழுந்தாள். நான் ஓடிப் போவதற்குள் எனக்கு முன்னால் இன்னொருவர் ஓடினார். என் மாமியார். வேலை முடிந்து திட்டிவிட்டுப் போகலாம் என்று வந்து, எவ்வளவு நேரமாகவோ கருவேல மர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தூக்குவாளியில் இருந்த தண்ணீரை மகளின் முழங்காலில் ஊற்றி, முந்தானையால் மண்ணைத் துடைத்தார். கண்ணில் நீர் நின்றது. அந்த நேரம் பார்த்து, பாதையில் சைக்கிளில் போன ஒரு ஆள் நின்று, "பொம்பளைக்கு எதுக்குத்தா இந்த வேல?" என்று கேட்டுவிட்டார்.

மாமியார் நிமிர்ந்தார்.

"எம் மக உளுவா, எந்திரிப்பா. உனக்கு என்னய்யா நோகுது? போற வளியப் பாத்துப் போவியா!"

அந்த ஆள் பெடலை மிதித்த வேகத்தில் செருப்பு கழன்று விழுந்தது. எடுக்காமலேயே போய்விட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாமியார் மகளின் பக்கம் திரும்பி, "ஏறு. இன்னொருக்க ஓட்டு. நீ பயந்துட்டேன்னு நெனச்சுக்கிருவான்" என்றார். அவள் ரத்தம் கசியும் காலோடு ஏறி, பொட்டலை முழுதாகச் சுற்றி வந்து, எங்கள் முன்னால் பதவிசாக நிறுத்தினாள். அதற்குப் பிறகு மாமியார் தான்சானியாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை.

சூலக்கரைப் பக்கம் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போனபோது கியர் வண்டிக்கு வந்த பெண் அவள் ஒருத்திதான். காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினாள். அங்கிருந்த அதிகாரி வியந்துபோய், "எதுக்கும்மா கியர் வண்டி? மொபெட் பத்தாதா?" என்று கேட்டார்.

"ஆப்பிரிக்கா போறேன் சார்."

அவர் கேலி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டியதும் எழுந்து நின்று கைகூப்பினார்.

வீட்டில் சுவாஹிலி மொழிப் பாடம் ஒலித்தது. பெங்களூரிலிருந்து ஒரு புத்தகமும் கேசட்டும் அனுப்பியிருந்தார்கள். தோசை ஊற்றிக்கொண்டே கேட்பாள், துணி மடித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள். மகள் அவளைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் நான் சாப்பிட உட்கார்ந்ததும், "அப்பா, அந்த ஊர்ல அண்ணன்னா காக்கா. அக்கான்னா தாதா. அம்மா பிளேன விட்டு எறங்குனதும் எல்லாரும் தாதா தாதான்னு கூப்பிடுவாக" என்றாள். என் மனைவி அரிவாள்மணையை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு, "யார்றா அது, தாதாவ எதிர்த்துப் பேசுறது?" என்று நடுவீட்டில் நின்றாள். புரையேறும் வரை சிரித்தோம். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகாமூ' என்று சொல்ல வேண்டும். உங்கள் பாதம் தொடுகிறேன் என்று அர்த்தம். அதை முதலில் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். அர்த்தத்தைக் கேட்டதும் அவர், "அங்கனயும் கும்புடுறாகளா? அப்பச் சரி" என்றார்.

பெங்களூரில் இரண்டு வாரப் பயிற்சி. நாட்டின் பல மூலையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் வாரம் போனில் அவள் குரல் சோர்ந்து கேட்டது. எல்லோரும் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறார்கள், தான் மனதில் வாக்கியம் கூட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது என்றாள். ஒரு பயிற்சியில், பயிற்சியாளர்கள் கிராமத்து ஆசிரியர்களாக நடித்தார்களாம். இவள் போய்ப் பேச வேண்டும். என்னென்ன செய்ய வேண்டும் என்று இவள் வரிசையாகச் சொல்லி முடித்ததும் ஒரு பயிற்சியாளர், "எல்லாம் நல்லாச் சொன்னீங்க. அவங்ககிட்ட என்ன கேட்டீங்க?" என்றாராம்.

"ஒண்ணுமே கேக்கலைங்க நான்" என்றாள் என்னிடம். "மறுநாள் திரும்பச் செய்யச் சொன்னாக. வாயத் தொறந்து கேள்வியா கேட்டேன். அவுகளே பாதி வழி சொல்லிட்டாக." அன்றிலிருந்து குரல் தெளிந்துவிட்டது.

கடைசி இரண்டு நாட்கள் குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். நானும் மகளும் போனோம். மரங்கள் சூழ்ந்த இடம். ஒரு பெரிய கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டிருந்தது. மற்றவர்களோடு அவள் சகஜமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆங்கிலம் ஒன்றும் மாறிவிடவில்லை. தப்பும் சரியுமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் அவள் முடிக்கும் வரை காத்திருந்து கேட்டார்கள். பயிற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஒரு மலையாள அம்மா. ஆப்பிரிக்காவில் பல வருடம் இருந்து நரைத்துத் திரும்பியவர். தமிழும் பேசுவார்.

குடும்பங்கள் எல்லாம் உட்கார்ந்ததும் அந்த அம்மா பேசினார். பிறகு என் மனைவியைக் காட்டி, "இவங்க கதைய நீங்க எல்லாரும் கேக்கணும். சின்ன வயசுல தீப்பெட்டித் தொழிற்சாலையில வேலை பார்த்தவங்க. வாங்க, சொல்லுங்க" என்றார்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், அது மூன்றாவது தடவை. முதல் நாள் அறிமுகத்தில் இவளே சொல்லியிருக்கிறாள், சிலர் அழுதிருக்கிறார்கள். அந்த வாரமே நன்கொடையாளர்கள் வந்தபோது மறுபடி சொல்லச் சொன்னார்கள், சொல்லியிருக்கிறாள்.

எழுந்து நடுவில் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.  எங்கள் மகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பித் தமிழிலேயே சொன்னாள்.

"மேடம், மன்னிச்சுக்கிருங்க. அத நான் இனிமே சொல்ல மாட்டேன். வேணும்னா எங்க பள்ளிக்கூடத்துல மொத நாள் நான் எப்படிப் பாடம் எடுப்பேன்னு எடுத்துக் காட்டுறேன்."

 இவ்வளவு தூரம் வந்து இப்படிச் சொல்லிவிட்டாளே, அனுப்பாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாவும் ஒரு கணம் திகைத்தார். பிறகு தன் நாற்காலியை இழுத்து வட்டத்தில் மற்றவர்களோடு போட்டு உட்கார்ந்து, "எடுங்க டீச்சர்" என்றார்.

அவள் வாசலில் இருந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி ஈர்க்குச்சிகளை உருவி, துண்டு துண்டாக ஒடித்து எல்லோர் கையிலும் கொடுத்தாள். அதன் பிறகு தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஒரு குச்சியைத் தூக்கிக் காட்டி "மோஜா" என்றாள். யாரும் வாய் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே எங்கள் மகளிடம் போய், அவள் குச்சியைத் தொட்டு மறுபடி "மோஜா" என்றாள். "மோஜா" என்றாள் மகள். இரண்டு குச்சி, "ம்பிலி". ஒரு சர்தார்ஜி தாத்தா தப்பாகச் சொன்னார். அவரைத் திருத்தவில்லை, அவர் பக்கத்தில் போய் நின்று, அவரையே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தாள். அவர் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தே சரியாகச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடம் முழுக்கப் பத்து வரை சுவாஹிலியில் எண்ணிக்கொண்டிருந்தது. பள்ளியில் அவளை நான் பார்த்ததே இல்லை. பல வருடம் கூட வாழ்ந்தும், அவள் செய்கிற வேலை இன்னதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்தாவது எண் முடிந்ததும் நானும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுக்கும் வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.

மதியச் சாப்பாட்டில் அந்த அம்மா தட்டோடு எங்கள் மேஜைக்கு வந்தார்.

"நான் கேட்டது சரியில்ல டீச்சர். ஆனா ஏன் திடீர்னு மாட்டேன்னு சொன்னீங்க? மனசுல என்ன இருந்துச்சு?"

என் மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். பள்ளியில் ஒரு சிறுமி. நன்றாகப் படிப்பாள், கணக்கில் சூட்டிகை. ஆனால் பார்வையாளர் வருகிற நாளில் மட்டும் வரமாட்டாள். மறுநாள் கேட்டால் காய்ச்சல் என்பாள், வயிற்று வலி என்பாள். பார்வையாளர் வந்தால் இரண்டு மூன்று பிள்ளைகளை எழுப்பிவிட்டு, எந்த ஆபீஸில் வேலை பார்த்தாய், கையில் எங்கே சுட்டது என்று சொல்லச் சொல்வது எல்லாப் பள்ளிகளிலும் இருந்த வழக்கம். இவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"ரெண்டாந்தடவ நீங்க என்னையச் சொல்லச் சொன்னப்ப உள்ளுக்குள்ள சுருங்கிப் போச்சு மேடம். ஏன்னு வெளங்கல. இன்னிக்கு எம் மக முன்னால நிக்கும்போதுதான் அந்தப் புள்ளையோட மொகம் வந்துச்சு. எனக்கே இப்படி இருந்தா அதுக்கு எப்படி இருந்திருக்கும்?"

அந்த அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க போற ஊர்லயும் எங்களை மாதிரி ஆளுங்க கேமராவத் தூக்கிட்டு வருவாங்க" என்றார் மெதுவாக. "அங்க இருக்கற டீச்சர்களுக்கு இதச் சொல்லுங்க."

ஊர் திரும்பிய மறுநாளே அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். நான்தான் பின்னால் உட்கார்ந்து போனேன். வண்டியை அவள் ஓட்டினாள். சிறுமியின் அம்மா பட்டாசு செய்கிற பயராபீஸிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் விரலிடுக்குகளில் போகாமல் மினுங்கியது.

"வாங்க டீச்சர், வாங்கண்ணே. சாப்பிட்டீகளா? எம் மக எதுவும் சேட்ட பண்ணிட்டாளா?"

"இல்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். ஆளுக வர்ற அன்னிக்கு மட்டும் ஏன் அவ வரமாட்டேங்கிறா?"

அந்தப் பெண் தயங்கினார். கதவுக்குப் பின்னால் பாவாடை நுனி தெரிந்தது.

"தப்பா எடுத்துக்கிராதீக டீச்சர். அவள ஒருக்க எந்திரிச்சுச் சொல்லச் சொன்னீகளாம்ல. காஞ்சுபோன தளும்பக் காட்டச் சொல்லி ஒருத்தர் போட்டோ பிடிச்சாராம். வீட்டுக்கு வந்து ஒரே அளுக. நான் படிக்கத்தான போறேன், எதுக்கு எல்லாரும் அதையே கேக்காகங்கிறா."

என் மனைவி தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து கதவருகில் போய்ச் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கதவைத் திறக்கவில்லை.

"இனிமே யாரும் அதச் சொல்ல வேண்டாம்டா. நீயும் வேண்டாம், யாரும் வேண்டாம். யாராச்சும் வந்தா நீ என்ன காட்டணும்னு ஆசப்படுற? அதச் சொல்லு."

 பிறகு உள்ளிருந்து, "பதினாறாம் வாய்ப்பாடு" என்று கேட்டது.

மற்ற ஆசிரியைகளையும் பள்ளியை நடத்தியவர்களையும் சம்மதிக்க வைக்க அவள் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. வருகிறவர்கள் மனம் இளகினால்தானே பள்ளி நடக்கும் என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகள் படிப்பதைப் பார்த்து இளகட்டும் என்றாள். அடுத்து சூலக்கரையிலிருந்து அதிகாரிகள் வந்த அன்று அந்தச் சிறுமி முன்வரிசையில் இருந்தாள். பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, உட்காராமல் நின்று, "சார், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாளாம். அவர் பாதியில் மாட்டிக்கொண்டு சிரித்ததாக என் மனைவி வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடிவிட்டன. சென்னைக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். மாமியார் அதை மஞ்சள் காமாலை என்று எடுத்துக்கொண்டு, "ஊசி எதுக்கு? கீளாநெல்லி அரைச்சுக் குடிச்சாப் போதாதா?" என்று ஒரு கட்டு பறித்துக்கொண்டு வந்து வைத்தார். அதையும் அரைத்துக் குடித்தாள். நான் ரசம் வைக்கக் கற்றேன். புளி கூடினால் மகளும், உப்பு குறைந்தால் மனைவியும் சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்ட ஒரு நாள் வந்தது.

கிளம்பிய அன்று விருதுநகர் ரயில் நிலையத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வேனில் வந்திருந்தார்கள். மாமியார் இட்லிப் பொடி, கருப்பட்டி, சாத்தூர் சேவு எல்லாம் கட்டிக் கொடுத்தார். வண்டி வருகிற வரை பொட்டலங்களையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தவர், அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கம்பிக்குள் கையை விட்டு மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கன இருக்க புள்ளைகள அடிக்காத, என்ன?"

"நான் எப்பம்மா அடிச்சேன்?"

"சொல்லி வைக்கேன்."

ஒன்றரை வருடம் என்பது போய், அங்கிருந்த ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டதால் இன்னும் சில மாதங்கள் கூடுதலாக இருந்துவிட்டு வந்தாள். நடுவில் அவளுக்கு மலேரியா வந்தது; இங்கே மகள் பெரியவளானாள். அந்தச் செய்தியைப் போனில் கேட்டு அழுதவள், சடங்கு எல்லாம் நான் வந்து வைத்துக்கொள்ளலாம், பிள்ளை பள்ளிக்கு லீவு போட வேண்டாம் என்று அழுகையோடே சொன்னாள். கறுத்து, மெலிந்து, தலைமுடியை வெட்டிக்கொண்டு திரும்பினாள். அதற்குள் விஸ்வநத்தத்துப் பள்ளியை மூடி, பிள்ளைகளை எல்லாம் பெரிய பள்ளிகளில் சேர்த்துவிட்டார்கள். அதற்காக அவள் வருத்தப்படவில்லை. "நல்லதுதான. மூடத்தான தொறந்தோம்" என்றாள்.

பெங்களூரில் பயிற்சி கொடுத்த மலையாள அம்மா ஓய்வு பெற்ற பிறகு, புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்க இவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருமுறை நானும் கூடப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நேபாளத்துக்குப் போகவிருந்த ஒரு இளம் நர்ஸ் எழுந்து, "அங்க போய் என்னால ஒண்ணும் செய்ய முடியலைன்னா?" என்று கேட்டாள்.  என் மனைவி மேடையை விட்டு இறங்கி வந்து அந்தப் பெண்ணின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய ஊர் எது, அங்கே ஆஸ்பத்திரியில் முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் சொல்லச் சொல்ல, சுற்றி இருந்தவர்களும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பசி தாங்கவில்லை. சத்தமில்லாமல் எழுந்து போய், எங்கள் இரண்டு பேருக்கும் தட்டில் சோறு போட்டு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.